பழைய பைக் டேங்கில் ஓட்டை: ஒட்டுவதா, பற்றவைப்பதா, மாற்றுவதா?

பெங்களூருவில் பழைய பைக் வைத்திருப்பவர்களுக்கு டேங்க் ஒழுகல் புது விஷயம் இல்லை. மைசூருவில் ஜாவா, யெஸ்டி பைக்குகளைச் செய்த ஐடியல் ஜாவா ஆலை 1996-இல் மூடப்பட்டது. யமஹாவின் ஆர்எக்ஸ் 100 பைக் உற்பத்தி நின்றதும் அதே வருஷம்தான். இவற்றை ஆசையாக ஓட்டுகிறவர்கள் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் காக்ஸ் டவுனிலும் இன்னும் நிறைய இருக்கிறார்கள். அந்த டேங்குகளின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனத்தை ஒட்டியதுதான். இத்தனை வருஷ மழை, தண்ணீர் கலந்த பெட்ரோல், மாதக்கணக்கில் ஓடாமல் நின்றது எல்லாம் சேர்ந்து உள்ளே துருவாகப் படிந்திருக்கும்.

ஒழுகல் தெரிந்ததும் மூன்று யோசனை வரும். ஒருவர் எம்-சீல் என்கிற எபாக்சி பசை வைத்து அடைக்கச் சொல்வார். இன்னொருவர் பக்கத்து கிரில் பட்டறையில் ஒரு பொட்டு வெல்டிங் வைக்கச் சொல்வார். மூன்றாமவர் சிவாஜிநகர் குஜரியில், அதாவது பழைய பாகங்கள் விற்கும் சந்தையில், வேறு டேங்க் தேடச் சொல்வார். மூன்றுமே ஏதோ ஒரு டேங்குக்குச் சரியான பதில்தான். ஆனால் இரண்டாவது யோசனையைத் தப்பாகச் செய்தால் ஆளே போய்விடுவார். அதனால் இவற்றை விலையை வைத்து மட்டும் ஒப்பிடக் கூடாது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மாடலுக்கு நல்ல டேங்க் வேறு கிடைக்கிறது என்றால் மாற்றுங்கள். கிடைக்காத டேங்க், ஊசி முனை அளவு ஓட்டை என்றால் நெருப்பில்லாத வழியைப் பாருங்கள். தகடு கிழிந்திருக்கிறது, மடிப்பு விட்டிருக்கிறது என்றால் மட்டும் பற்றவைப்பு. அதையும் டேங்கை முறையாகக் கழுவி, ஆவி இல்லை என்று கருவி வைத்துக் காட்டுகிற பட்டறையில்தான் கொடுக்க வேண்டும். பற்றவைப்பது அரை மணி நேர வேலை. கழுவுவது ஒரு நாள் வேலை. அந்த ஒரு நாளுக்குக் காசு கொடுக்க மனசில்லை என்றால் டேங்கைப் பற்றவைக்கவே கொடுக்காதீர்கள்.

காலி டேங்க் ஏன் இவ்வளவு ஆபத்து

"காலி டேங்க்தானே அண்ணா, மூணு நாள் மூடியைத் திறந்து வெயில்ல வெச்சிருந்தேன்" என்று சொல்லிக்கொண்டு டேங்கை நீட்டுகிறவர்கள் அதிகம். சொல்கிறவர் மேல் குற்றம் இல்லை. கண்ணுக்கு ஒரு சொட்டுக்கூடத் தெரியாது, மூக்குக்கும் லேசான வாடைதான் வரும்.

திரவ பெட்ரோல் எரிவதில்லை, அதன் ஆவிதான் எரிகிறது. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 சதவீதத்திலிருந்து 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கும்போது உள்ளே இருக்கிற கொஞ்ச இடத்தில் ஆவி அடர்த்தியாக இருக்கும், பற்றுவதற்குத் தேவையான காற்று இருக்காது. பெட்ரோலை வடித்து மூடியைத் திறந்து வைத்ததும் காற்று உள்ளே போகிறது, கலவை அந்த ஆபத்தான அளவுக்கு இறங்கி வருகிறது. எவ்வளவு பெட்ரோல் மிச்சம் இருந்தால் ஆபத்து? டேங்க் 12 லிட்டர் கொள்ளும் என்று வையுங்கள். ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர், அதாவது இருபது சொட்டு, ஆவியானாலே உள்ளே வெடிக்கத் தக்க கலவை உண்டாகிவிடும். மூடிய இடத்தில் அது பற்றினால் அழுத்தம் ஏழெட்டு மடங்கு ஏறும். ஒரு மில்லிமீட்டர் தகட்டை இரண்டு பாதியாக மடித்துச் சேர்த்த டேங்க் அதைத் தாங்காது. மடிப்போரம் பிளக்கும், அல்லது அடித்தகடு பிய்த்துக்கொண்டு வரும். பற்றவைக்கிறவர் முகம் அதற்கு ஒரு அடி தூரத்தில் இருக்கும்.

வெயிலில் வைத்தால் ஏன் போகாது? பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. டேங்கின் வாய் மேலே இருக்கிறது, ஆவி கீழே தங்குகிறது. அது போகட்டும், துரு ஏடுகளுக்கு அடியிலும், இரண்டு தகடு சேரும் மடிப்புக்குள்ளும், யாரோ பத்து வருஷம் முன்னால் பூசிய பிசினுக்கு அடியிலும் பெட்ரோல் ஊறிக் கிடக்கும். சூடு பட்டால்தான் அது வெளியே வரும். நீங்கள் பற்றவைக்கும்போது படுகிற சூடு அதைத்தான் செய்கிறது.

யெஸ்டி போல 2டி ஆயிலை (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) பெட்ரோலிலேயே கலந்து ஓட்டுகிற வண்டியில் இன்னொரு சிக்கல் உண்டு. பெட்ரோல் காய்ந்தாலும் ஆயில் உள்சுவரில் மெல்லிய படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். சாதாரண வெப்பத்தில் ஆவியாகாது, வாடையும் அவ்வளவாக இல்லை. தகடு சிவக்கிற சூட்டில் புகையாகி அதுவும் பற்றும். ஆர்எக்ஸ் 100-க்கு ஆயில் தனி டேங்கில் இருப்பதால் இந்த விஷயத்தில் அது கொஞ்சம் தேவலை.

நம்ம ஊர் குளிர்தானே என்ற நினைப்பும் வேண்டாம். பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் அளவிலேயே பற்றத்தக்க ஆவியை விடும். அதற்கு பெங்களூருவின் டிசம்பர் காலையும் கோடை மதியமும் ஒன்றுதான்.

நம்பக் கூடாத சில கை வைத்தியங்கள்

தண்ணீர் விட்டு இரண்டு தடவை அலசினால் போதும் என்பார்கள். பெட்ரோல் தண்ணீரில் கரையாது, மிதக்கும். அலசிய தண்ணீரோடு கொஞ்சம் போகும், மிச்சம் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும்.

ஓடுகிற வண்டியின் சைலன்சரிலிருந்து டியூப் போட்டுப் புகையை டேங்குக்குள் விடுவது பல இடத்தில் நடக்கிறது. புகையில் ஆக்சிஜன் குறைவு என்பது கணக்கு. ட்யூனிங் சரியில்லாத எஞ்சினின் புகையில் எரியாத பெட்ரோலும் இருக்கும், ஆக்சிஜனும் இருக்கும், எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. கூடவே கார்பன் மோனாக்சைடு வேறு. ஷட்டர் பாதி இறக்கிய கடைக்குள் இதைச் செய்தால் வெடிக்காமலேயே உயிர் போகும்.

தீயணைப்பானில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை உள்ளே பீய்ச்சுவதும் தப்பு. அது வேகமாக வெளியேறும்போது நிலைமின்சாரம் உண்டாகி, அந்தப் பொறியிலேயே ஆவி தீப்பிடித்துவிடலாம்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது. வெல்டிங் மட்டும்தான் ஆபத்து என்று இல்லை. டேங்கில் கிரைண்டர் வைத்து பெயின்ட் சுரண்டுவது, டிரில் போடுவது, டிங்கரிங்குக்கு டார்ச் காட்டுவது எல்லாமே சூட்டு வேலைதான். கழுவி முடிக்கிற வரைக்கும் கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டர்கூட டேங்க் பக்கம் வரக் கூடாது.

மாற்றிவிடுவது

பிரிட்டனில் தொழிலிடப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பு, சிறு டேங்குகளில் சூட்டு வேலை செய்வது பற்றிச் சொல்லும்போது முதலில் எழுப்பும் கேள்வியே இந்த வேலை தேவையா என்பதுதான். புதிதாக மாற்ற முடியுமா, நெருப்பில்லாமல் சரிசெய்ய முடியுமா என்று பார்த்த பிறகுதான் மற்றது. நம் ஊருக்கும் அதே வரிசைதான் சரி.

இப்போதும் உற்பத்தியில் இருக்கிற மாடல் என்றால் யோசிக்கவே வேண்டாம். கம்பெனி டேங்க் வாங்குங்கள். ஒழுகும் டேங்கைப் பற்றவைத்தால் கழுவும் கூலி, வெல்டிங் கூலி, அப்புறம் கண்டிப்பாகப் பட்டியும் பெயின்ட்டும். எல்லாம் கூட்டினால் மிச்சமாகிற காசு நினைத்த அளவு இருக்காது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகளில் பெட்ரோல் பம்ப் பெரும்பாலும் டேங்குக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும். அந்த டேங்கைப் பற்றவைப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். பம்ப் உட்காரும் வட்டம் சூட்டில் கொஞ்சம் வளைந்தாலும் ரப்பர் சீல் உட்காராது. உள்ளே உதிர்கிற துருவும் கசடும் நேராக இன்ஜெக்டரில் போய் அடைக்கும்.

பழைய மாடலுக்கு இரண்டு வழி. ஜே.சி. ரோடு கடைகளில் அச்சுப்போல் செய்த புது டேங்க் கிடைக்கலாம். தகட்டின் கனத்தை மூடி வாயருகே பாருங்கள், உங்கள் வண்டியின் பெட்ரோல் காக்-ஐ (பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) அங்கேயே முடுக்கிப் பாருங்கள், அடியில் சுரங்கம் போல் இருக்கும் குழிவு சேஸிஸ் குழாய்மேல் உட்காருமா என்று பழைய டேங்கைப் பக்கத்தில் வைத்து அளந்து பாருங்கள். காக் மரை அரை சுற்றில் இறுகிக்கொண்டால் வாங்காதீர்கள்.

குஜரி டேங்க் என்றால் கையில் மூன்று பொருள் வேண்டும். ஒரு சின்ன டார்ச், ஒரு காந்தம், ஒரு நீளக் கம்பி. காந்தத்தைத் துணியில் சுற்றி டேங்க் முழுக்க நகர்த்துங்கள். எங்கே பிடிப்பு விடுகிறதோ அங்கே பட்டி தடித்திருக்கிறது, அதற்குக் கீழே பள்ளமோ பழைய ஒட்டோ இருக்கும். டார்ச் அடித்து உள்ளே பார்க்கும்போது ஆரஞ்சு நிறத் தூசி மட்டும் என்றால் பயமில்லை. கம்பியால் சுரண்டினால் ஏடு ஏடாக உரிகிற கருந்துரு என்றால் வைத்துவிட்டு வாருங்கள். அடிமடிப்பு, காக் உட்காரும் இடம், பின்பக்கம் போல்ட் மாட்டும் காது ஆகிய மூன்றையும் விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள். பெட்ரோலில் இறங்கும் தண்ணீர் அடியில் தேங்குவதால் முதலில் ஓட்டையாவது அங்கேதான். சில டேங்குகளில் மூடிக் குழியிலிருந்து மழைத்தண்ணீர் வடிய ஒரு மெல்லிய குழாய் டேங்குக்குள்ளாகவே கீழே இறங்கும். அது உள்ளே அரித்திருந்தால் வெளியே ஒரு ஓட்டையும் தெரியாது, பெட்ரோல் மட்டும் அடியில் சொட்டும். வாங்கும்போது ஒரு ரசீது கேளுங்கள். திருட்டு வண்டியின் பாகத்தை வாங்கி ஒரு நாள் ஸ்டேஷனில் நிற்க வேண்டாம்.

நெருப்பில்லாத வழிகள்

எபாக்சி பிசைந்து வெளியே அப்புவது வீடு போய்ச் சேர மட்டும் உதவும். ஈரமான, பெயின்ட் போகாத தகட்டில் அது பிடிக்காது. பெட்ரோல் உள்பக்கமாக வந்து ஓரத்தைத் தூக்கிவிடும். அவசரத்துக்கு வையுங்கள், அதோடு வருஷக்கணக்கில் ஓட்டாதீர்கள். சூடான எஞ்சினுக்கு மேலே சொட்டுகிற பெட்ரோல் இது.

உள்பக்கம் முழுக்க ஊற்றிச் சுழற்றிப் பூசுகிற லைனர் கொஞ்சம் மேலான வேலை. துருவால் அங்கங்கே ஊசி ஓட்டை விழுந்த, மற்றபடி உறுதியான டேங்குக்கு இது நன்றாகப் பொருந்தும். துருவை எடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு கை நட்டு போல்ட்டைப் போட்டுக் குலுக்கி ஏட்டுத்துருவை உதிர்த்து, சிட்ரிக் அமிலத்தையோ பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியையோ ஊறவைத்து, பிறகு சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அமிலத்தை முறித்து, உடனே உலர்த்த வேண்டும். உடனே என்றால் உடனே. ஈரத்தோடு ஒரு மணி நேரம் விட்டால் திரும்ப ஆரஞ்சு படியும். பிறகு காக் துளை, காற்றுத் துளை, ரிசர்வ் குழாய் இவற்றை அடைத்துக்கொண்டு லைனரை ஊற்ற வேண்டும். அடைக்க மறந்தால் அவை நிரந்தரமாக மூடிக்கொள்ளும்.

இங்கே எத்தனால் விஷயம் வருகிறது. 2023 பிப்ரவரியில் இ20 பெட்ரோலைத் தொடங்கிவைத்ததே பெங்களூருவில்தான். இப்போது பங்கில் நாம் போடுவதில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனாலைத் தாங்காத பழைய வகை லைனர் மெல்ல மென்மையாகி உரிந்து, சவ்வாகக் கார்பரேட்டருக்கு வரும். ஆகவே டப்பாவில் எத்தனால் தாங்கும் என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். எழுதவில்லை என்றால் தாங்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு பின்விளைவும் உண்டு. லைனர் பூசிய டேங்கைப் பிற்காலத்தில் பற்றவைப்பது மிகக் கஷ்டம். பிசின் முழுவதையும் எடுத்தால் ஒழிய அது புகைந்து எரியும், அதற்கு அடியில் பெட்ரோலும் ஒளிந்திருக்கும். தகடு எங்கேயாவது விரிசல் விட்டிருந்தால் முதலில் உலோக வேலை, லைனர் கடைசியில்.

ஈயமும் பித்தளையும்

ஈயப்பற்று இப்போது குறைந்துவிட்டாலும் மதிப்புக் குறையாத வேலை. தகரமும் ஈயமும் கலந்த கம்பி 190 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். தகடு வளையாது. சின்ன ஓட்டைக்கும் மடிப்போரக் கசிவுக்கும் அருமை. ஆனால் அதிர்வு தாங்காது, அதனால் காது, காக் வளையம் போன்ற இடத்துக்கு வேண்டாம். ஈயம் பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸ் அமிலத்தைக் கழுவாமல் விட்டால் அந்த இடத்திலேயே துரு பிடிக்கும். குறைந்த சூடுதானே என்று கழுவாத டேங்கில் செய்யவும் கூடாது, ஈயக்கட்டியைச் சூடாக்க ஸ்டவ்வோ டார்ச்சோ எரிந்துகொண்டுதானே இருக்கும். ஈயம் பட்ட இடத்தில் பிறகு வெல்டிங் சரியாகப் பிடிக்காது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பித்தளை வைத்து கேஸில் பற்றவைப்பது 900 டிகிரி அளவில் நடக்கிறது. பித்தளை இடுக்குக்குள் ஓடி நிறையும், அதனால் மூடிக் கழுத்து, காக் வளையம் போன்றவற்றைப் பொருத்த நல்லது. திறந்த சுடர் என்பதால் கழுவும் கட்டாயம் வெல்டிங்குக்கு எவ்வளவோ இதற்கும் அவ்வளவு. சமதளமான பெரிய தகட்டில் செய்தால் வளைந்துவிடும்.

வெல்டிங் கொடுப்பதென்றால்

எந்த வெல்டிங் என்பதில் எனக்குக் குழப்பமே இல்லை, டிக்தான் (ஆர்கான் வாயுவின் காப்பில், டங்ஸ்டன் முனையால் செய்வது). கிரில் கடையில் குச்சி வைத்து அடிக்கும் ஆர்க் வெல்டிங் இந்தத் தகட்டை ஊதித் தள்ளிவிடும், ஒரு ஓட்டை மூன்றாகும். கம்பி தானாக வந்து உருகும் மிக் வெல்டிங்கில், 0.8 மி.மீ. கம்பி போட்டு, தேர்ந்த கை இருந்தால் செய்யலாம். டிக் வெல்டிங்கில் சூட்டை மிதியால் கூட்டிக் குறைக்க முடியும், பொறி பறக்காது. துருவேறிய தகட்டின் மேலேயே உலோகத்தை உருக்கி நிரப்புகிறவரிடம் கொடுக்காதீர்கள். நல்ல தகடு வரும் வரைக்கும் வெட்டி எடுத்து, அதே கனத்தில் சிஆர் ஷீட் (குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு) துண்டு வைத்து, இங்கொரு பொட்டும் அங்கொரு பொட்டுமாக ஆறவிட்டுச் சேர்ப்பதுதான் வேலை.

கழுவும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பீன்யாவில் ஒரு பட்டறையில் அதை முழுக்கப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மூடி, காக், மீட்டர் மிதவை, ரப்பர் எல்லாவற்றையும் முதலில் கழற்றினார் அந்த மேஸ்திரி. கொதிக்கும் தண்ணீரில் சலவைச் சோடாவும் டிடர்ஜென்ட்டும் கரைத்து டேங்க் வழிய வழிய நிரப்பினார். அரை மணிக்கு ஒரு தடவை புரட்டி, தலைகீழாக்கி, பக்கவாட்டில் சாய்த்து, மடிப்பின் ஒவ்வொரு ஓரமும் ஊறும்படி வைத்தார். கொட்டினார், மறுபடி நிரப்பினார். கொட்டிய தண்ணீரில் எண்ணெய்ப் பளபளப்பு மிதப்பது நிற்கும் வரைக்கும் இது நடந்தது. பிறகு ஆவி அளக்கும் கருவியின் குழாயை வாய் வழியாக அடிமூலை வரைக்கும் இறக்கினார். எண் பூஜ்யம் காட்டியது. எனக்கு முடிந்தது என்று தோன்றியது. அவர் டேங்கின் வெளிப்பக்கம் முழுக்கச் சுடுதண்ணீர் ஊற்றி, தகட்டைச் சூடாக்கி, திரும்பவும் குழாயை இறக்கினார். எண் ஏறத் தொடங்கியது. "இப்பதான் சார் உள்ள ஒளிஞ்சிருந்தது வெளிய வருது" என்று சொல்லி மறுபடி சோடாத் தண்ணீரைக் கொதிக்க வைத்தார். அவரிடம் எத்தனை டேங்க் வேண்டுமானாலும் நம்பிக் கொடுக்கலாம்.

அந்தக் கருவியில் பார்க்கவேண்டிய எண், பற்றக்கூடிய மிகக் குறைந்த அளவில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது. பத்து சதவீதத்துக்கு மேல் இருந்தால் வேலையைத் தொடவே கூடாது என்பது தொழிற்சாலைகளில் பழகிய எல்லை. டேங்க் மாதிரி சின்னப் பாத்திரத்தில், சூடு காட்டிய பிறகும் பூஜ்யத்தில் நிற்க வேண்டும் என்றே கேளுங்கள்.

அதன்பிறகு ஆர்கான். டிக் வெல்டிங் செய்யும் பட்டறையில் எப்படியும் சிலிண்டர் இருக்கும். ஆர்கான் காற்றைவிடக் கனம் என்பதால் குழாயை டேங்கின் அடி வரைக்கும் விட்டு மெதுவாக நிரப்ப வேண்டும், மேலே காற்று வெளியேற வழி திறந்திருக்க வேண்டும். ஒரு தடவை நிரம்பினால் போதாது. குறைந்தது டேங்க் கொள்ளளவில் ஐந்து மடங்கு ஓட வேண்டும். 12 லிட்டர் டேங்குக்கு நிமிஷத்துக்கு 10 லிட்டர் வீதம் விட்டால் ஆறு நிமிஷம். வெல்டிங் நடக்கும்போதும் மெல்ல ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆவி அளக்கும் சாதாரணக் கருவிகள் பல, வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். ஆர்கான் நிரப்பிய பிறகு அளந்தால் பொய்யாகப் பூஜ்யம் காட்டும். அதனால் அளப்பது முன்னால், நிரப்புவது பின்னால்.

டேங்குக்குள் தண்ணீர் நிரப்பி, பற்றவைக்கிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே வரை நிறுத்தி வேலை செய்கிறவர்களும் உண்டு. காலியிடம் குறைவதால் ஆபத்தும் குறைகிறது என்பது உண்மை. ஆனால் கழுவாத டேங்கில் அந்தக் கையளவு காலியிடத்திலேயே ஆவி நிற்கும். கழுவிய பிறகு கூடுதல் காப்பாக மட்டும் அதை ஏற்கலாம். நீராவி வெளியேற வாய் திறந்தே இருக்க வேண்டும்.

பழைய டேங்குகள் சிலவற்றில் துரு பிடிக்காமல் இருக்க ஈயம் அல்லது துத்தநாகப் பூச்சு இருக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் உடம்புக்கு ஆகாது, காற்றோட்டமும் முகமூடியும் வேண்டும். அலுமினிய டேங்க் என்றால் காஸ்டிக் சோடாவை உள்ளே ஊற்றவே ஊற்றாதீர்கள். உலோகத்தையே தின்று ஹைட்ரஜனை வெளிவிடும். கழுவிய எண்ணெய்த் தண்ணீரை ராஜகாலுவையில் (மழைநீர்க் கால்வாய்) கொட்டுவதும் வேண்டாம், டிரம்மில் பிடித்து ஆயில் கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுங்கள்.

வேலை முடிந்ததும் கசிவு பார்க்கும்போது சிலர் டயர் கடை கம்ப்ரெசரை நேரடியாக மாட்டிவிடுகிறார்கள். டேங்க் காற்றழுத்தம் தாங்கச் செய்ததல்ல, பலூனாக உப்பிவிடும். இரண்டு, மூன்று பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம். கையால் அடிக்கிற சைக்கிள் பம்பே போதும், சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி பாருங்கள். வெளியே சுண்ணாம்பு பூசி உள்ளே மண்ணெண்ணெய் ஊற்றிக் கறை தெரிகிறதா என்று பார்ப்பது பழைய, நம்பகமான முறை. ஆனால் கறை தெரிந்தால் மறுபடி பற்றவைக்கும் முன் கழுவும் வேலையை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வடிவம் மாற்ற நினைப்பவர்களுக்கு

பழைய ரேஸ் பைக் பாணியான கஃபே ரேசர் மோகத்தில் டேங்கை வெட்டி ஒடுக்குவது, முட்டிக்குப் பள்ளம் எடுப்பது, மூடியை இடம் மாற்றுவது, அடிச்சுரங்கத்தை அகலமாக்கி வேறு சேஸிஸில் உட்காரவைப்பது இங்கே நிறைய நடக்கிறது. இதில் என் கருத்து கொஞ்சம் கடுமையானது. வண்டியோடு வந்த அசல் டேங்கை வெட்டாதீர்கள். அதை எண்ணெய் தடவி, துணி சுற்றிப் பரணில் வையுங்கள். வெட்டுவதற்கென்று வேறொரு டேங்க் வாங்குங்கள், அல்லது புதுத் தகட்டில் ஒன்று அடித்துத் தரச் சொல்லுங்கள். புதுத் தகட்டில் பெட்ரோலே பட்டதில்லை என்பதால் மேலே சொன்ன வெடிப்பு ஆபத்து முழுவதும் ஒரேயடியாக விலகிவிடுகிறது. கூலி அதிகம்தான். ஆனால் நீளமான வெட்டு, நீளமான வெல்டிங் என்று போகும்போது பழைய டேங்கில் கழுவும் வேலையும் துரு வேலையும் சேர்ந்து அந்த இடைவெளி சுருங்கிவிடும்.

பழைய டேங்கையே வெட்டுவதாக இருந்தால் முழுக் கழுவலுக்குப் பிறகும் முதல் வெட்டைக் கத்தரியாலோ ஹேக்ஸா பிளேடாலோ போடச் சொல்லுங்கள். ஒரு கை நுழைகிற அளவு திறந்துவிட்டால் உள்ளே துரு, மடிப்பு எல்லாம் கண்ணால் பார்த்து நேரடியாகத் துடைக்கலாம். மூடியை மாற்றும்போது அதன் காற்றுத் துளையையும், காக்-ஐ மாற்றும்போது அடியில் தேங்கும் தண்ணீர் வடிகிற பள்ளத்தையும் மறந்துவிடுகிறார்கள். காற்றுத் துளை இல்லாத டேங்கில் வண்டி கொஞ்ச தூரத்திலேயே நிற்கும்.

சட்டமும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதற்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்துவிட்டது. அசல் வடிவத்திலேயே ஓட்டையை அடைப்பது பழுதுபார்ப்பு, வடிவத்தையே மாற்றுவது வேறு. டேங்க் நிறம் மாறினால்கூட ஆர்டிஓவில் ஆர்.சி.யில் பதிய வேண்டியிருக்கும். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கேட்கப் போகும்போது வெட்டி ஒட்டிய டேங்க் அவர்களுக்கு ஒரு காரணமாகிவிடக் கூடாது.

ஆக, நான் யாருக்கு எதைச் சொல்வேன்? தினம் ஆபீஸ் போக ஓட்டுகிற, பாகம் கிடைக்கிற வண்டிக்குப் புது டேங்க். யெஸ்டி, ஆர்எக்ஸ் போன்றவற்றில் தகடு உறுதியாக, ஓட்டை சிறிதாக இருந்தால் துரு எடுத்து எத்தனால் தாங்கும் லைனர். மடிப்பில் ஓரிடக் கசிவு என்றால், நல்ல கை கிடைத்தால், ஈயம். காது கிழிந்ததோ அடித்தகடு சல்லடையானதோ என்றால், அசல் டேங்க் உங்களுக்கு அவ்வளவு முக்கியம் என்றால், கருவி வைத்திருக்கும் பட்டறையில் டிக். எந்தப் பட்டறையானாலும் "எப்படிக் கழுவுவீங்க, எதை வெச்சு அளப்பீங்க?" என்று இரண்டு கேள்வி கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்" என்பது பதிலானால் டேங்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். உங்கள் டேங்கைவிட அந்தப் பட்டறைப் பையன் முகம் முக்கியம்.

டேங்கை மாட்டியதும் முதல் முறை இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றி, வண்டியை வெட்டவெளியில் ஒரு இரவு நிறுத்தி, அடியில் வெள்ளைக் காகிதம் விரித்து வையுங்கள். காக்குக்குப் பிறகு ஒரு சின்ன பெட்ரோல் ஃபில்டர் போட்டு, முதல் ஒரு வாரம் தினமும் அதில் துருத்தூளோ பிசின் சவ்வோ வருகிறதா என்று பாருங்கள். நிறுத்திவைக்கும் வண்டியில் இ20 மாதக்கணக்கில் கிடந்தால் ஈரத்தை இழுத்து அடியில் தண்ணீராகப் பிரியும். இரண்டு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் வடித்துவிட்டு, உள்ளே கொஞ்சம் ஆயில் விட்டுச் சுழற்றி வைத்துவிடுங்கள்.